பட்டாளத்துப் பையனுக்கு வெளியே வர உரிமை வேண்டும்!

“பையன் பட்டாளத்துக்குப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அங்கே போன பிறகு பிடிக்காவிட்டால், வீட்டில் நல்லது கெட்டது நடந்துவிட்டால், நடுவிலே விட்டுவிட்டு வந்துவிடலாமா?”

ஆலை வாசலில் ஷிப்டு மாறும் நேரத்திலும், நடவு வேலை ஓய்ந்து வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போடும் நேரத்திலும் தாய் தகப்பன்மார் கேட்கிற கேள்வி இது. சுற்றி வளைக்காமல் பதில் சொல்லிவிடுகிறோம். வர முடியாது. இன்றுள்ள சட்டப்படி கெஞ்சிக் கேட்கலாம், கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். உரிமை என்று கேட்க முடியாது.

ஏன் முடியாது? இது நியாயமா? நியாயம் இல்லையென்றால் நாம் என்ன செய்ய வேண்டும்? இந்த மூன்றையும் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

இது ராணுவ அதிகாரிகளும் வக்கீல்களும் பேசிக்கொள்ள வேண்டிய சங்கதி, நமக்கென்ன என்று எந்தத் தொழிலாளியும் நினைத்துவிடக் கூடாது. சிப்பாயாகச் சேருகிறவன் யார்? மில் முதலாளியின் மகனா? பெரிய பண்ணையின் வாரிசா? கூலிக்காரன் மகன், குத்தகைக்காரன் மகன், ஆட்குறைப்பில் வேலை போன ஆலைத் தொழிலாளியின் மகன். வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்று ஒரு கிராமம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பி வருவதால் அந்த ஊரை ‘ராணுவப்பேட்டை’ என்றே ஜனங்கள் அழைக்கிறார்கள். வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்தாலும் மணியார்டர் பொய்க்காது என்று நம்பி வாழ்ந்த குடும்பங்கள் எத்தனையோ உண்டு. ஆகவே இது நம் வீட்டுச் சங்கதி.

நான்கு வருஷக் காகிதம்

2022-ம் வருஷம் ஜூன் 14-ம் தேதி மத்திய சர்க்கார் ‘அக்னிபத்’ என்ற திட்டத்தை அறிவித்தது. பதினேழரை வயது முதல் 21 வயது வரை உள்ள வாலிபர்களை நான்கே நான்கு வருஷத்துக்கு முப்படைகளில் சேர்ப்பது. பயிற்சிக் காலமும் அந்த நான்கு வருஷத்துக்குள் அடங்கும். அது முடிந்ததும் நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரப் படையில் வைத்துக்கொள்வது. மற்றவர்களை வீட்டுக்கு அனுப்புவது. அப்படி அனுப்பப்படுகிறவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. கிராஜுவிட்டி கிடையாது. மாஜி ராணுவத்தினர் என்ற அந்தஸ்து கிடையாது. அந்த அந்தஸ்தோடு வரும் வைத்திய வசதியும் கேண்டீன் வசதியும் கிடையாது.

நான்கு வருஷத்தில் அனுப்பிவிடுவோம் என்கிற பகுதியைப் பற்றி நாடு முழுவதும் பேசினார்கள். அதே நிபந்தனைகளில் இன்னொரு ஷரத்து இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை. ஒப்பந்த காலம் முடிவதற்கு முன் சொந்த விருப்பத்தின் பேரில் விலக அனுமதி இல்லை. மிகமிக விதிவிலக்கான சந்தர்ப்பங்களில், உரிய அதிகாரி சம்மதித்தால் மட்டும் விடுவிக்கலாம் என்பது அதன் சாரம்.

‘மிகமிக விதிவிலக்கான சந்தர்ப்பம்’ என்றால் என்ன? தகப்பன் செத்துப்போனால் அது விதிவிலக்கா? தாய் படுத்த படுக்கையானால் விதிவிலக்கா? வேறு நிரந்தர சர்க்கார் உத்தியோகம் கிடைத்தால் விதிவிலக்கா? அந்த ஷரத்தில் இதற்கெல்லாம் பதில் இல்லை. தீர்மானிப்பது அதிகாரி.

சரி, அதிகாரி மனமிரங்கி விடுவித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது பணக் கணக்கு என்ன? 2022-ல் அறிவித்த சம்பளம் முதல் வருஷம் மாதம் 30,000 ரூபாய். இரண்டாம் வருஷம் 33,000. மூன்றாம் வருஷம் 36,500. நான்காம் வருஷம் 40,000. இதில் நூற்றுக்கு முப்பது வீதம் மாதாமாதம் பிடித்து ‘சேவா நிதி’ என்ற நிதியில் போடுகிறார்கள். அதே அளவு தொகையைச் சர்க்காரும் தன் பங்காகப் போடும். நான்கு வருஷமும் முடித்தவனுக்கு இரண்டு பங்கும் வட்டியோடு கிடைக்கும். சொந்த விருப்பத்தில் நடுவில் விலகியவனுக்கு அவனிடம் பிடித்த பணமும் அதன் வட்டியும் மட்டும்தான். சர்க்கார் பங்கு ஒரு பைசாவும் இல்லை.

நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் வருஷம் மாதம் 9,000 வீதம் 1,08,000 ரூபாய். இரண்டாம் வருஷம் மாதம் 9,900 வீதம் 1,18,800. மூன்றாம் வருஷம் மாதம் 10,950 வீதம் 1,31,400. ஆக மூன்று வருஷம் வேலை பார்த்தவனிடம் பிடித்தது 3,58,200 ரூபாய். சர்க்கார் பங்கும் அதே 3,58,200 ரூபாய். மூன்று வருஷம் பனியிலும் வெயிலிலும் காவல் நின்றவன், குடும்பக் கஷ்டத்தால் விலகினால், அந்த இரண்டாவது 3,58,200 ரூபாயை இழந்துவிட்டுத்தான் ரயில் ஏற வேண்டும்.

பழைய சிப்பாய்க்கு மட்டும் உரிமை இருந்ததா?

அக்னிபத் வருவதற்கு முன்பு எல்லாம் நன்றாக இருந்தது என்று நாம் சொல்லவில்லை. நிரந்தரப் படையில் சேர்ந்த சிப்பாய்க்கும் விலகும் உரிமை கிடையாது. ஆனால் ஒரு சின்னக் கதவு உண்டு. 1954-ம் வருஷத்து ராணுவ விதிகளில் 13-வது விதியின்படி, காலம் முடியுமுன் சிப்பாய் தானாக விடுதலை கேட்டு மனுப் போடலாம். மனுவை ஏற்பது உசிதம் என்று கமாண்டிங் அதிகாரிக்குத் தோன்ற வேண்டும். அதனால் அந்தப் படைப்பிரிவின் பலம் அளவுக்கு மீறிக் குறையவும் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் விடுவிக்கலாம். இது உரிமை அல்ல, சலுகை. ஆனாலும் கதவு என்று ஒன்று இருந்தது. மனுப் போட்டு வீடு திரும்பியவர்களும் இருக்கிறார்கள். பதினைந்து வருஷம் முடித்துவிட்டால் பென்ஷனும் உண்டு.

2019-ல் விமானப்படை வீரர் ஒருவர், வேறு உத்தியோகம் கிடைத்ததால் தம்மை விடுவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை சென்றார். படையில் சேர்ந்தவனுக்கு ஒப்பந்த காலத்தின் நடுவில் தன் இஷ்டப்படி விலகும் நிபந்தனையற்ற உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தின் நிலை இதுதான்.

சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டால்? அதைப் பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1950-ம் வருஷத்து ராணுவச் சட்டத்தின் 39-வது பிரிவின்படி லீவு இல்லாமல் வெளியே நின்றால் மூன்று வருஷம் வரை சிறை. படையை விட்டே ஓடியதாகத் தீர்மானித்தால் 38-வது பிரிவு. அதற்கு ஏழு வருஷம் வரை சிறை. போர்முனைப் பணியில் இருக்கும்போதோ, அதற்குப் போகச் சொல்லி உத்தரவு வந்த பிறகோ ஓடினால் மரண தண்டனை வரை விதிக்கலாம். ஆகவே எந்தப் பையனும் ஆத்திரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது. எந்தத் தாயும் பாசத்தால் “வந்துவிடு ராசா” என்று சொல்லிவிடக் கூடாது. மனுப் போட்டு, பதில் வாங்கி, அதன்படிதான் வர வேண்டும்.

இது ஒரு பக்கம். மறுபக்கம் என்ன? அதே 1950-ம் வருஷத்துச் சட்டத்தின் 18-வது பிரிவின்படி, சிப்பாயின் வேலை ஜனாதிபதியின் விருப்பம் உள்ளவரைதான். அதற்கு அடுத்த பிரிவுகள் சர்க்காரும் தலைமைத் தளபதியும் அவனை வேலையிலிருந்து நீக்க அதிகாரம் கொடுக்கின்றன. அக்னிவீரனுக்கோ, நான்கு வருஷம் முடிந்தவுடன் போ என்று சொல்ல எந்தக் காரணமும் தேவையில்லை.

சர்க்கார் அவனை அனுப்பலாம். அவன் சர்க்காரை விட்டுப் போகக் கூடாது. இருவர் சேர்ந்து எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில் ஒருவனுக்கு மட்டும் விலங்கு! இதற்கு ஒப்பந்தம் என்று பெயர் வைத்தால் போதுமா?

இந்த விலங்கு நமக்குப் புதிதல்ல

ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இந்த விலங்கின் சத்தம் நன்றாகத் தெரியும்.

1859-ம் வருஷம் வெள்ளைக்கார சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. முன்பணம் வாங்கிய கூலியாள் ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுப் போனால் அது குற்றம். அவனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி ஜெயிலில் தள்ளலாம். ஒப்பந்தத்தை மீறிய முதலாளிக்கு அந்தச் சட்டத்தில் ஜெயில் இல்லை. வேலையை விட்டுப் போவதே குற்றம் என்ற அந்தச் சட்டத்தை ரத்துச் செய்ய 1925-ம் வருஷம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தஞ்சை ஜில்லாவில் பண்ணையாள் கதை நம் பாட்டன்மார் அனுபவித்தது. கல்யாணத்துக்குக் கொஞ்சம் கடன்; அந்தக் கடனுக்குத் தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணையில் உழைப்பு. பண்ணையை மாற்றிப் போக நினைத்தவனுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும். பண்ணையார் மட்டும் நினைத்த மாத்திரத்தில் ஆளைத் துரத்தலாம். போராட்டத்தின் பலனாக 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது.

அதற்குப் பிறகும் விட்டார்களா? கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்றைக் கொண்டு வந்தார்கள். கிராமத்து ஏழைப் பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் சேர்த்து, ஆலை விடுதியிலேயே தங்க வைத்து, மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக முப்பதாயிரம், ஐம்பதாயிரம் தருவதாகச் சொன்னார்கள். அந்தப் பணம் தருமம் அல்ல. அவள் கூலியிலிருந்து நிறுத்தி வைத்த பணம். காய்ச்சல் வந்தோ, வேலை தாங்காமலோ இரண்டரை வருஷத்தில் வீட்டுக்குப் போனவளுக்கு அந்த மொத்தப் பணம் இல்லை என்றார்கள். நம் சங்கங்கள் இதை எதிர்த்துப் பேசின, வழக்காடின.

இப்போது சேவா நிதியை எடுத்துப் பாருங்கள். மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பு. கடைசியில் மொத்தப் பணம். நடுவில் போனால் பாதி போச்சு. பட்டாளத்தில் பிடித்த பணத்தையாவது திருப்பித் தருகிறார்கள் என்ற வித்தியாசத்தை நாம் மறைக்கவில்லை. ஆனால் ஆளைக் கட்டிப்போடும் கயிறு அதே கயிறுதான். மில் முதலாளி செய்தால் அக்கிரமம் என்று நாம் சொல்வது, சர்க்கார் செய்தால் தேச சேவையாகிவிடுமா?

‘கையெழுத்துப் போட்டானே!’

சிலர் கேட்கிறார்கள்: “யாரும் கட்டாயப்படுத்தவில்லையே? தானாக வந்து கையெழுத்துப் போட்டான். பிறகு என்ன பேச்சு?”

பதினேழரை வயதுப் பையன் ஓட்டுப் போட முடியாது. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின்படி பதினெட்டு நிரம்பாதவன் போடும் ஒப்பந்தம் செல்லாது. கால் ஏக்கர் நிலத்தை அவன் விற்க முடியாது. அதனால்தான் பட்டாளக் காகிதத்தில் தாயோ தகப்பனோ கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. இந்த வயதில் எடுத்த ஒரு முடிவுக்காகப் பையனை நான்கு வருஷம் பூட்டி வைக்கலாமாம்!

கட்டாயம் இல்லையென்று சொல்வதும் சரியல்ல. கொரோனாவைக் காரணம் காட்டி இரண்டு வருஷம் ராணுவ ஆள்சேர்ப்பையே நிறுத்தி வைத்தார்கள். விடியற்காலையில் தார்ரோட்டில் ஓடிப் பயிற்சி எடுத்த லட்சக்கணக்கான வாலிபர்கள் காத்துக் கிடந்தார்கள். 2022 ஜூனில் அக்னிபத் வந்ததும் பீகாரிலிருந்து செகந்திராபாத் வரை அவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த வருஷத்துக்கு மட்டும் வயது வரம்பை 23 ஆக உயர்த்தி சர்க்கார் சமாதானம் சொன்னது. பிறகு அதே வாலிபர்கள் அதே திட்டத்துக்கு வரிசையில் நின்றார்கள். ஏன்? வேறு வேலை இல்லை. பசி பிடித்துத் தள்ளினால் அதுவும் ஒரு கட்டாயம்தான்.

‘ராணுவம் என்ன மில்லா?’

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. “ராணுவம் மில் அல்ல. நினைத்தவனெல்லாம் நினைத்தபோது போய்விட்டால் எல்லையை யார் காப்பது?”

இதை நாம் அலட்சியமாகத் தள்ளவில்லை. யுத்தம் நடக்கும்போது, பக்கத்தில் நிற்கும் தோழனை விட்டுவிட்டுப் போகும் உரிமையை எந்தச் சிப்பாயும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. நாம் கேட்பது சமாதான காலத்தில், முறைப்படி நோட்டீஸ் கொடுத்து விலகும் உரிமை.

அப்படி ஒரு உரிமை கொடுத்தால் ராணுவம் குலைந்துவிடுமா? நமக்கு இந்தச் சட்டங்களைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போன பிரிட்டனையே பாருங்கள். அங்கே பதினெட்டு நிரம்பாமல் சேர்ந்த பையன், முதல் நான்கு வாரம் கழிந்த பிறகு, பதினெட்டு வயது வரை நோட்டீஸ் கொடுத்து விலகிக்கொள்ள உரிமை உண்டு. வயது வந்து சேர்ந்தவனுக்கும் ஆரம்ப மாதங்களில் அப்படி ஒரு வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு நான்கு வருஷம் இருந்தாக வேண்டும். நான்கு வருஷம் ஆனதும் ஒரு வருஷ நோட்டீசில் விலகலாம். இதுவும் தாராளமான சட்டமல்ல. ஆனால் அனுமதி கேட்டுக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. உரிமை என்று எழுதியிருக்கிறது. அதனால் பிரிட்டிஷ் ராணுவம் கலைந்துவிடவில்லை.

கதவின் சாவி சர்க்கார் கையில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2001-க்குப் பிறகு, ஆப்கானிஸ்தான், இராக் யுத்தங்களின் போது, ஒப்பந்த காலம் முடிந்த சிப்பாய்களையும் அமெரிக்க சர்க்கார் வீட்டுக்கு விடாமல் நிறுத்தி வைத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி மாட்டிக்கொண்டார்கள். பிறகு, அப்படி நிறுத்தி வைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் 500 டாலர் கொடுக்க 2009-ல் சட்டம் செய்தார்கள். 2022-ம் வருஷம் செப்டம்பர் 21-ம் தேதி ருஷ்ய ஜனாதிபதி போட்ட உத்தரவு இன்னும் மேலே போயிற்று. படைதிரட்டும் காலம் முடியும் வரை எந்தச் சிப்பாயின் ஒப்பந்தமும் முடியாது. வயது, உடல்நிலை, கோர்ட்டுத் தண்டனை ஆகிய காரணங்களால்தான் வெளியே வர முடியும் என்றது அந்த உத்தரவு. சில வருஷத்துக்கென்று கையெழுத்துப் போட்டவன் முடிவு தேதி தெரியாமல் நின்றான். எந்தக் கொடியின் கீழ் இருந்தாலும், சிப்பாய்க்கு எழுதப்பட்ட உரிமை இல்லாவிட்டால் கதி இதுதான்.

1946 சொன்ன பாடம்

சிப்பாய்க்கு வாய் இல்லை. அரசியல் சட்டத்தின் 33-வது ஷரத்தும் ராணுவச் சட்டத்தின் 21-வது பிரிவும் அவனுடைய சங்கம் சேரும் உரிமையைக் கட்டுப்படுத்துகின்றன. ஆலையில் அநியாயம் நடந்தால் நாம் கேட்டுக்கு வெளியே நின்று கோஷம் போடலாம். அவன் போட முடியாது. அவனுக்காக வெளியே இருக்கிறவர்கள்தான் பேச வேண்டும்.

இப்படிப் பேசிய வரலாறு நம் நாட்டில் உண்டு. 1946 ஜனவரியில், யுத்தம் முடிந்து பல மாதமாகியும் வீட்டுக்கு அனுப்பவில்லையே என்று கராச்சியில் இருந்த பிரிட்டிஷ் விமானப்படையினரே வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் அது பரவியது. அடுத்த மாதம் 18-ம் தேதி பம்பாயில் ‘தல்வார்’ கடற்படைப் பள்ளியில் இந்திய மாலுமிகள் வேலையை நிறுத்தினார்கள். சாப்பிட முடியாத சாப்பாடு, வெள்ளை அதிகாரிகளின் வசவு, சம்பளத்தில் பாகுபாடு ஆகியவற்றுக்கு எதிரான அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலில், சீக்கிரம் விடுவித்து வெளியே வேலை கொடு என்பதும் ஒன்று. 22-ம் தேதி அவர்களுக்காகப் பம்பாய் ஆலைத் தொழிலாளிகள் யந்திரங்களை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் இருநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். சீருடைக்கும் வேட்டிக்கும் நடுவே இருந்த சுவர் அன்று இடிந்தது. அந்தச் சுவரை மறுபடி எழுப்பிக்கொள்ள நாம் சம்மதிக்கலாமா?

நாம் கேட்பது என்ன?

ஒன்று: சேர்ந்த முதல் ஆறு மாதத்துக்குள், தண்டமோ கெட்ட பெயரோ இல்லாமல் விலகும் உரிமை எல்லோருக்கும் வேண்டும். பதினெட்டு நிரம்பாமல் சேர்ந்தவனுக்குப் பதினெட்டு நிரம்பும் வரை அந்த உரிமை நீடிக்க வேண்டும்.

இரண்டு: அதற்குப் பிறகு, சமாதான காலத்தில், குறித்த கால நோட்டீஸ் கொடுத்து விலகலாம் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். போர்முனைப் பணிக்கு மட்டும் விலக்கு இருக்கட்டும்.

மூன்று: பெற்றோர் மரணம், கடும் நோய், குடும்பத்துக்கு வேறு ஆதரவு இல்லாமை ஆகியவை விலகுவதற்குரிய காரணங்கள் என்று பட்டியல் போட்டு எழுத வேண்டும். மனுவுக்குக் குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் பதில் வர வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு வேண்டும்.

நான்கு: எத்தனை மாதம் வேலை பார்த்தானோ அத்தனை மாதத்துச் சேவா நிதியில் சர்க்கார் பங்கையும் விலகுகிறவனுக்குக் கொடுக்க வேண்டும். அது அவன் உழைத்துச் சம்பாதித்தது.

ஐந்து: நான்கு வருஷம் முடித்து வெளியே வருகிற எல்லோருக்கும் மாஜி ராணுவத்தினர் அந்தஸ்தும் மறுவேலையும் வேண்டும். துணை ராணுவப் படைகளில் இட ஒதுக்கீடு என்று 2022 ஜூனிலேயே சர்க்கார் சொன்னது. ஒதுக்கீடு காகிதத்தில் இருந்தால் வயிறு நிறையாது. முதல் அணி நான்கு வருஷத்தை முடிக்கும் காலமான 2026-ம் வருஷக் கடைசியிலிருந்தே கணக்குக் காட்டியாக வேண்டும்.

இவற்றில் எது தேசத்துக்கு விரோதம்? வேண்டா வெறுப்பாய் நிற்கும் நூறு பேரைவிட, போகவும் உரிமை இருந்தும் நின்று காக்கும் பத்துப் பேர் மேல் என்று படையில் இருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கடைசியாக, பிள்ளைகளை அனுப்ப நினைக்கும் தாய் தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. போகாதே என்று நாம் தடுக்கவில்லை. போகிற பிள்ளை தைரியமாகப் போகட்டும். ஆனால் காகிதத்தில் கைநாட்டு வைக்கும் முன் அதை ஒரு தடவை முழுவதும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் சங்க ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள். உள்ளே போகும் வழி பெரிய எழுத்தில் இருக்கும். வெளியே வரும் வழி எங்கே எழுதியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். எழுதியிருக்கவில்லையென்றால், அதை எழுத வைக்கும் பொறுப்பு நம்முடையது.

வேலையை விட்டுப் போகிறவனை ஜெயிலில் போடும் சட்டத்தை ஒழிக்க வைத்தோம். பண்ணையாளின் விலங்கை உடைத்தோம். சீருடைக்குள் இருக்கும் நம் பிள்ளையின் விலங்கு மட்டும் உடையாமல் இருக்க வேண்டுமா? ஒவ்வொரு சங்கக் கூட்டத்திலும், ஒவ்வொரு கிராமத்து மாநாட்டிலும் இந்த ஐந்து கோரிக்கைகளையும் தீர்மானமாகப் போடுவோம். நம் ஓட்டை வாங்கி டில்லிக்குப் போன எம்.பி.க்களை, பார்லிமெண்டில் இதைப் பேசு என்று கேட்போம். பேச முடியாதவனுக்காகப் பேசுவோம்!